மழுங்கிய கத்தியைத் திருப்பிக் கொடுத்தவர்

அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ஓல்டென்லோவில் மைன்கென் வீட்டு வாசலோரக் குழியருகே இருந்தவர்கள்: வீட்டுக்காரி கெஷே மைன்கென், சன்னலுக்கு உள்ளே கட்டிலில் சாய்ந்தபடி அவள் கணவன் டீர்க், தினமும் காலையில் வரும் வீட்டுச் செவிலி சுவான்த்யே, கோடையில் பழைய சாக்சன் இனத்தாரைப் போல உடுத்திக் கூடாரம் போடும் குழுவின் தலைவனான கண்ணாடிக் கடை ஃபோல்க்மார், மண் தோண்டும் இயந்திரத்தின் ஓட்டுநர், தலைநகரிலிருந்து வேனில் வந்த தொல்லியல்காரர்கள் இருவர், குழிக்குள், ஆயிரத்து முந்நூறு வருடமாகப் படுத்திருந்த ஓர் ஆள். தொல்லியல்காரர்கள் அவர் வயிற்றின் குறுக்கே கிடந்த துருவேறிய கத்தியை எடுத்து, அளந்து, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, எலும்புகளுக்கு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார்கள். வேன் திருப்பத்தைத் தாண்டியதும் அந்த ஆள் எழுந்தார். எலும்பாகத்தான் எழுந்தார், படியேறுவதற்குள் சதை வந்துவிட்டது. மிதியடியில் கால் துடைத்துவிட்டு உள்ளே போய் அடுப்போர பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போது மணி நாலேகால்.

குழி தோண்டியதே டீர்க்குக்காக. நாற்பது வருடம் பால் லாரி ஓட்டியவனுக்கு நுரையீரல் போய்விட்டது. சக்கர நாற்காலி இறங்க வாசலில் ஒரு சரிவுப் பாதை போட நினைத்தார்கள். ஈஸ்டர் வரை தாங்குவான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஈஸ்டர் வந்தது, டீர்க் போகவில்லை. அடுத்த ஈஸ்டருக்கும் போகவில்லை. உடம்பு முப்பத்தெட்டு கிலோவாக இறங்கி அதற்குமேல் இறங்க மறுத்தது. வலி மட்டும் வளர்ந்தது. மருந்தின் அளவை மூன்று முறை கூட்டினார்கள், பிறகு கூட்ட இடமில்லை. மருத்துவர் படங்களைப் பார்த்து, இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு யாரும் மூச்சுவிட முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து அறையில் டீர்க் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

எழுந்து வந்தவரை ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. தொல்லியல்காரர்கள் சொன்னபடி அடுத்த வாரம் வந்து, வெறுங்குழியையும் பெஞ்சையும் பார்த்து, எலும்புகள் கிடைக்கவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். ஊராட்சி அலுவலகம் குடியிருப்புப் பதிவுப் படிவம் அனுப்பியது. பிறந்த தேதிக் கட்டத்தில் கெஷே கோடு போட்டு அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள். அதன்பிறகு குப்பைக் கட்டணம் மூன்று பேருக்கு வந்தது. அவர் எதுவும் சாப்பிடவில்லை, பேசவில்லை. வலது கையை வயிற்றின் குறுக்கே, கத்தி இருந்த இடத்தில் வைத்தபடி இருந்தார். தினமும் மதியம் போய்க் குழியில் படுத்துப் பார்ப்பார். கால் மணி நேரம் புரண்டுவிட்டு எழுந்து வருவார். அதனால் குழியை மூடாமல், சரிவுப் பாதையைப் பக்கத்தில் போட்டார்கள்.

அவர் படுக்க முடியாததையும் டீர்க் சாக முடியாததையும் முடிச்சுப் போட்டவள் சுவான்த்யே. நான்காம் வருடம் டீர்க்கின் முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டே, “வாசல் ஒண்ணுதானே கெஷே. முன்னாடி நிக்கிற ஆள் நகராம பின்னாடி நிக்கிறவன் எப்படிப் போவான்?” என்று சொன்னாள். டீர்க் கெஷேயிடம் சொன்னான், “நாலு வருஷமா நான் இதைத்தான் நினைச்சுட்டிருக்கேன். உன்கிட்ட சொல்லல.”

கெஷே கத்தியைத் திருப்பிக் கேட்டுத் தலைநகருக்கு எழுதினாள். கத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, அது மாநிலத்தின் சொத்து, வேண்டுமானால் புகைப்படம் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. புகைப்படம் வந்தது. பெஞ்சில் இருந்தவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். இனி நகல்தான் வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதன்பிறகும் ஒன்றே முக்கால் வருடம் கெஷே வாங்கவில்லை. ஏனென்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

ஆறாவது ஈஸ்டர் கழிந்த வாரம் டீர்க், “வாங்கு” என்றான். கெஷேயின் கையில் இருநூறு யூரோ இருந்தது. ஃபோல்க்மார் தன் குழுவினர் வாங்கும் கத்திகளின் படங்களோடு வந்தான். சட்டைத் தையல் கையால் போட்டதா, இயந்திரத்தில் போட்டதா என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லி ஆளை முகாமுக்கு வெளியே அனுப்புகிறவன் அவன். பெஞ்சில் இருந்தவரின் நேர் எதிரே உட்கார்ந்து படங்களைப் பரப்பினான்.

“நாப்பத்தொம்பது யூரோதானா? நல்லாத்தானே இருக்கு, டிராகன் வேற போட்டிருக்கான்,” என்றாள் சுவான்த்யே.

“துருப்பிடிக்காத இரும்பு அது. கைப்பிடிக்குள்ள விரல் நீளத்துக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். வீசினா அலகு ஒரு பக்கம் பறக்கும்,” என்றான் ஃபோல்க்மார்.

“படுக்கப் போறவர் எதுக்குப்பா வீசணும்?”

“கத்தி இல்லாதவன் அந்தக் காலத்துல அடிமை. சுதந்திரமானவன் இடுப்புல இது இருக்கணும். சாக்சன்ங்கிற பேரே இந்தக் கத்தியிலேர்ந்து வந்ததும்பாங்க. பொம்மையை வயித்துல வச்சுக்கிட்டு அவர் எப்படிப் படுப்பார்?”

அடுத்த படத்தில் அலகின் முதுகு பாதியில் ஒடிந்து நுனிக்குச் சரிந்தது. ஃபோல்க்மார் அதை விரலால் தள்ளினான். “இது கடல் தாண்டிப் போன சாக்சன்களோடது. எல்லாக் கடைக்காரனும் இதையேதான் விக்கிறான். இவர் எங்கேயும் போகல, இங்கேயே கிடந்தவர்.” மூன்றாவது, ஒரு கொல்லர் முறுக்கிய இரும்பில் அடித்தது, ஆயிரத்து இருநூறு. கெஷே அதைப் பார்த்து, “டீர்க்கோட கல்லறைக் கல்லை வித்தாத்தான் உண்டு” என்றாள்.

“வித்துடு,” என்றான் டீர்க் பக்கத்து அறையிலிருந்து. “என் சவப்பெட்டிக்குக்கூட நீங்க இவ்வளவு நேரம் எடுத்துக்கல.”

கடைசியில் நூற்று அறுபத்தைந்து யூரோ கத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். சாதாரணக் கரி எஃகு, ரசீதில் இருந்த அதே அகலம், நுனிக்கு மெல்ல வளையும் முதுகு, அலகில் இரண்டு கோடுகள், நீண்ட சாம்பல்மரக் கைப்பிடி, கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் தடுப்பு கிடையாது. ஃபோல்க்மாரே வரவழைத்து, தோலுறையையும் கையால் தைத்துக் கொடுத்தான். அவர் கத்தியை வயிற்றின் குறுக்கே கட்டிக்கொண்டு போய்ப் படுத்தார். கால் மணி கழிந்தது, எழவில்லை. ஃபோல்க்மாரும் ஓட்டுநரும் மண்ணைத் தள்ளி மூடினார்கள். கெஷே டீர்க்கின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். டீர்க்கின் மூச்சு அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் கதவு திறந்தது. தோளெல்லாம் மண்ணோடு வந்தவர், கத்தியை உருவி ரொட்டிப் பலகையில் வைத்தார். கட்டைவிரலை அலகில் அழுத்தி இழுத்து, விரலை ஒவ்வொருவருக்கும் காட்டினார். கீறல்கூட இல்லை. ஃபோல்க்மார் முகம் வெளுத்தது. அவன் குழுவின் விதிப்படி எல்லாக் கத்தியும் விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் தடிமனாக, நுனி உருண்டையாக இருக்க வேண்டும். இருபது வருடப் பழக்கத்தில் கை தானாக ஆர்டர் படிவத்தில் மழுங்கல் என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தது.

“கூரா இருந்தா முகாமுக்குக் காப்பீடு தர மாட்டாங்க,” என்றான்.

“குழிக்குள்ள எவன்டா காப்பீடு கேட்டான்?” என்றான் டீர்க். அவன் சிரித்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் முறை. சிரிப்பு இருமலாகி, ரத்தம் தலையணையில் பட்டது.

மண்ணில் புதைத்ததைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான். மீதம் இருந்த முப்பத்தைந்து யூரோவில் சாணைக்கற்கள்தான் வாங்க முடிந்தது. தானே தீட்டித் தருகிறேன் என்று ஃபோல்க்மார் சொன்னதற்குக் கெஷே, “நீ பண்ணினது போதும், வீட்டுக்குப் போ” என்றாள். மேசையில் ஈரத்துணி விரித்து, கல்லை வைத்து, அவளே தீட்ட ஆரம்பித்தாள். இரண்டு மில்லிமீட்டர் என்பது கேட்கச் சிறிது. முதல் நாள் முழுக்கத் தீட்டியும் விளிம்பு பளபளத்ததே தவிர மெலியவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர் கறுத்தது, அவள் விரல்நுனித் தோல் உரிந்தது. பெஞ்சில் இருந்தவர் ஒவ்வொரு இழுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மதியம் அவள் ரொட்டி ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட வெட்டியது. கல்லைக் கீழே வைத்தாள்.

“சத்தம் நின்னுபோச்சே,” என்றான் டீர்க்.

“கை வலிக்குது.”

“பொய் சொல்லாத கெஷே.”

அவள் கத்தியை ஈரத்துணியில் துடைத்தாள்.

“நாளைக்கு முடிச்சுடறேன்.”

“நாளைக்கும் கை வலிக்கும்.”

அவள் கல்லில் தண்ணீர் ஊற்றினாள். அதன்பிறகு ஒரு மணி நேரம் அந்த வீட்டில் தீட்டும் சத்தம் மட்டும் இருந்தது. தெருவில் போன ஊர்க்காரர்கள் நாங்கள் எல்லோரும் கேட்டோம். ஒருவரும் உள்ளே போகவில்லை. மூன்றே முக்காலுக்கு அவர் பெஞ்சிலிருந்து எழுந்து கையை நீட்டினார். வாங்கிக் கட்டைவிரலை வைத்து இழுத்தார். கருத்த ரத்தம் ஒரு சொட்டு ரொட்டிப் பலகையில் விழுந்தது. கத்தியை உறையில் போட்டு, கூர் மேலே இருக்கும்படி வயிற்றின் குறுக்கே கட்டிக்கொண்டு, கெஷேக்குத் தலையைத் தாழ்த்தினார்.

பக்கத்து அறையில் கட்டில் கிரீச்சிட்டது. டீர்க் நின்றுகொண்டிருந்தான். “என் ஷூ எங்க?” என்றான். கெஷே படுக்கைக்கடியிலிருந்து எடுத்துத் துடைத்து, குனிந்து கயிறு கட்டிவிட்டாள். ஐந்தரை வருடத்தில் பாதம் சிறுத்திருந்ததால் இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. “இறுக்குதா?” என்று கேட்டாள். “பரவால்ல, தேவாலயம் வரைக்கும்தானே,” என்றான். அவள் அவன் கோட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பிவிட்டாள்.

முன்னால் அவர் போனார். பின்னால் டீர்க் போனான், ஒருமுறைகூட நாற்காலி இறங்காத அந்தச் சரிவுப் பாதையில் நடந்து. அவர் குழியில் இறங்கிப் படுத்து மண்ணைத் தானே இழுத்து மூடிக்கொண்டார். டீர்க் நிற்காமல், பால் லாரி ஓட்டிய அதே தெருவில், தேவாலயக் கல்லறைப் பக்கம் திரும்பினான். அந்த வீட்டுக் கதவு ஐந்தரை வருடமாகப் பூட்டப்பட்டதில்லை. சாவியைப் பயன்படுத்தக் குழியிலிருந்து வந்தவருக்குத் தெரியாது, அதனால் கெஷே பூட்டுவதை விட்டிருந்தாள். அன்று அவள் இழுப்பறையில் சாவியைத் தேடி எடுத்து, கதவைச் சாத்தி, இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.