எதிரெதிரே வர முடியாத பாதை

மார்ச் 11, புதன். நேற்றைய குறிப்பில், க்ளைவ் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்று எழுதியது தவறு. சொன்ன நேரத்துக்கே கிளம்பியிருக்கிறான். அதனால்தான் அவன் தங்கை பிரயனி பாட்டிங், பாதையின் ஆல்டர்ஹர்ஸ்ட் முனையில் வெகுநேரம் குதிரையை ஓட்டியும் கேட்டின் கம்பம் குதிரையின் காதருகே இருந்து நகரவில்லை.

ஆல்டர்ஹர்ஸ்டிலிருந்து தெற்கே வின்டிங் வரை போகும் பழைய ரயில் பாதையில், இரண்டு முனையிலிருந்தும் ஒரே சமயத்தில் ஆள் வர முடியாது. ரயில் ஓடிய காலத்தில் அது ஒற்றைத் தண்டவாளம். ஒரு பக்கத்து ரயில் வெளியே வரும்வரை எதிர்ப்பக்கத்து ரயிலை உள்ளே விடமாட்டார்கள். அறுபதுகளில் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். இருபது வருடம் முட்செடி மண்டிக் கிடந்தது. பிறகு கவுன்சில் சரளை கொட்டி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் என்று திறந்துவிட்டது. பாதை மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை: எதிர்ப்பக்கம் ஆள் உள்ளே இருந்தால் எவ்வளவு நடந்தாலும் இடம் நகராது, இரு முனையிலும் ஒரே நேரத்தில் நுழைந்தால் இருவருமே நகரமாட்டார்கள். திறப்பு விழாவன்று வின்டிங் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே நடந்து, மதியம்வரை ஒரே இடத்தில் இருந்தார்கள். கவுன்சில் ஓர் இன்ஜினியரை அனுப்பியது. சக்கரம் சுற்றுவதையும் சைக்கிள் நகராததையும் அவர் குனிந்து பார்த்துவிட்டு, வடிகால் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அதன்பின் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பாதை விடாதபோது வரிசையில் நின்றார்கள். பிளாஸ்கைத் திறந்து தேநீர் குடித்தார்கள். எதிரே வந்தவர் வெளியேறியதும், தாமதம் செய்த அவரிடமே மன்னிப்பும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

பிரயனிக்கும் க்ளைவுக்கும் ஐந்து வருடமாகப் பேச்சில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மாவின் சாம்பல் நிறப் பெண்குதிரையை க்ளைவ் யாரையும் கேட்காமல் விற்றுவிட்டான். அம்மாவை அடக்கம் செய்த அன்று, பாதிரியார் சாண்ட்விச்சை வாயில் வைக்கும் நேரத்தில், பிரயனி அவனைக் குதிரைத் திருடன் என்றாள். இப்போது அவன் மனைவி ஜில்லுக்கு டாஸ்மேனியாவில் வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை விமானம். அதற்குப் பிறகு அண்ணனைப் பார்ப்பது நடக்கிற காரியமா என்று பிரயனிக்குத் தெரியவில்லை.

ஆல்டர்ஹர்ஸ்டில் இவள் வீட்டிலிருந்து வின்டிங்கில் அவன் வீட்டுக்குக் காரில் போனால் கால் மணி நேரம்தான். ஆனால் அவன் வாசலில் போய் இவள் நிற்கமாட்டாள், இவள் வாசலில் வந்து அவன் நிற்கமாட்டான். ஜில் வரைபடத்தை விரித்து, நூல் வைத்து அளந்து, ரயில் பாதையில் உள்ள மார்ல்பிட் நிலையத்தின் பழைய பிளாட்பாரம் இருவருக்கும் சரிபாதி தூரம் என்று கண்டுபிடித்தாள். இரண்டு பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அது அவ்வளவு நியாயமாக இருந்ததால் பாதை எப்படிப்பட்டது என்பது மூவருக்குமே தோன்றவில்லை.

ஞாயிறன்று பிரயனி சைக்கிளில் போனாள். பெடலை மிதித்து மிதித்துத் தொடை வலித்ததுதான் மிச்சம். திங்களன்று முன்கூட்டியே நடந்து போய் மார்ல்பிட்டில் உட்கார்ந்தாள், மழை பெய்தது, க்ளைவ் வரவில்லை. செவ்வாயன்று, தன் கால்தான் சரியில்லையோ என்ற சந்தேகத்தில், குதிரையேற்றப் பள்ளியிலிருந்து ஒரு குதிரையை இரவல் வாங்கிப் போனாள். அது நின்ற இடத்திலேயே ஓடியது, பிறகு வேலிச்செடியைத் தின்றது. பின்னால் வரிசையில் நின்ற சைக்கிள்காரர், "குதிரைக்காச்சும் வயிறு நிறையுதே," என்றார். பிரயனி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கோபத்தில் பூட்ஸைக் கழற்றாமலே படுத்துவிட்டாள்.

இன்று மாலை ஜில் போன் செய்தாள். பின்னால் க்ளைவின் குரல் கேட்டது. "மூணு நாளா அவ வரவே இல்லன்னு சொல்லு."

"நான் வந்தேன்னு அவன்கிட்ட சொல்லு, ஜில்."

"உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால்காரியா? நீயே பேசு," என்று ஜில் போனை அவனிடம் கொடுத்துவிட்டாள்.



"நேத்து கேட் பக்கத்துலயே நடந்து நடந்து என் ஷூ தேஞ்சுபோச்சு, பிரை," என்றான் க்ளைவ்.

"நேத்து நீ கிளம்புனியா?"

"பத்து மணிக்கு. நாளைக்கு நீ முதல்ல போய் உக்காரு."

"திங்கக்கிழமை உக்காந்தேனே. நனைஞ்சதுதான் மிச்சம்."

"நீ உள்ள இருந்தா அது என்னை எப்படி விடும்?"

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பாதி தூரம் என்று ஒன்று அந்தப் பாதையில் இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் ஒருசேரப் புரிந்தது.

"குதிரையை வித்தது தப்புன்னு நான் சொல்லமாட்டேன்," என்றான் க்ளைவ்.

"சரின்னு நானும் சொல்லமாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு நீ வீட்டைவிட்டு நகராதே. நான் வர்றேன்."

"மார்ல்பிட்டுக்கா?"

"உன் வீட்டுக்குடா, மடையா."

"பின்கதவு வழியா வா. முன்னாடி பூரா பெட்டியா கிடக்கு."

நாளை, வியாழன்: எட்டு மணிக்குக் கிளம்பி, மார்ல்பிட்டில் நிற்காமல், வின்டிங் வரை நடந்து போவது.