பின்சீட்டில் ஒரு நியூட்ரான்

1

இந்தக் கதை என் கற்பனை அல்ல, கேட்டு வாங்கியது. திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில் எங்கள் தெருவில் இருக்கும் வேதியியல் ஆசிரியை இன்று காலை டீக்கடையோரம் நின்று சொன்னது. "எழுதிக்கோங்க சார், ஆனா எம்பேரு வாணாம்" என்றார். ஆகவே பெர்சிஸ் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தொடக்கம்: பிரபஞ்சம் பிறந்த சற்று நேரத்தில், ஹைட்ரஜன் என்னும்...

(அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பினால் திருத்தணி வந்து சேர மாட்டோம்.)

இரண்டாவது: குழந்தைகளுக்காக வேலையை விட்டிருந்த பெர்சிஸை, திருத்தணியில் ஒரு தனியார் பள்ளி, மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டது. பிடித்திருந்தால் வேலை. தலைப்பு, ஹைட்ரஜனின் ஐசோடோப்புகள்.

(இது நிற்கும்.)

2

ஒன்பதாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் தாளாளர் கஜபதியும் வகுப்பாசிரியையும். பெர்சிஸ் பலகையில் எழுதினார்: ஹைட்ரஜன். ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். நியூட்ரான் இல்லை.

"நியூட்ரான் ஒண்ணு இருக்குமே மேடம்?" என்றார் கஜபதி. "நான் அப்பிடித்தானே படிச்சேன்?"

வகுப்பே பெர்சிஸைப் பார்த்தது. ஆமாம் என்றால் பிள்ளைகள் தப்பாக எழுதிக்கொள்வார்கள். இல்லை என்றால் வேலை போச்சு.

(இங்கே கஜபதியை வில்லனாக்கப் பார்த்தேன். "மீசையை முறுக்கியபடி ஏளனமாக" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. பெர்சிஸ் சொன்ன கஜபதி நிஜமாகவே சந்தேகம் கேட்ட மனிதர்.)

3

"இருக்கும் சார். ஆனா எல்லா ஹைட்ரஜன்லயும் இருக்காது. கொஞ்சம் முன்னாடி வரீங்களா?"

பெர்சிஸ் இரண்டு பெஞ்சுகளை முன்னும் பின்னுமாகப் போட்டார். முன்பெஞ்சில் தேவயானி என்ற மாணவியை உட்காரவைத்தார்.

"இது ஷேர் ஆட்டோ. டிரைவர்தான் புரோட்டான். ஒரே டிரைவர்னா அது ஹைட்ரஜன். பெரும்பாலும் பின்னாடி யாருமே இருக்க மாட்டாங்க. சார், நீங்க நியூட்ரான். ஏறுங்க."

இன்னொரு பெண் எலக்ட்ரானாகச் சுற்றி ஓடினாள். கஜபதி நல்ல கனம். உட்கார்ந்ததும் பெஞ்சு முனகியது.

"டிரைவர் மாறினாங்களா?"

"இல்ல மிஸ்!"

"அப்போ இன்னா மாறுச்சு?"

"வெயிட்டு!"

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கஜபதிதான்.

"இது டியூட்டிரியம். நீங்க படிச்சது இதுவா இருக்கும் சார்."

அடுத்து வகுப்பாசிரியையும் பின்னால் ஏறினார். "இப்போ டிரிட்டியம். இது நிலைக்காது. பின்னாடி ஒக்காந்துகினு இருக்கற ஒருத்தர், நானும் டிரைவர்தான்னு..."

முடிப்பதற்குள் கஜபதி எழுந்து, தேவயானி பக்கத்தில் உட்கார்ந்து, "பாம் பாம்" என்று ஹாரன் அடித்தார்.

"ரெண்டு டிரைவர்! இப்ப இது இன்னா?"

"ஹீலியம் மிஸ்!"*

* அந்த நேரத்தில் ஒரு எலக்ட்ரானும் வெளியே பாய்ந்து ஓட வேண்டும். அதற்கு ஆள் போட மறந்துவிட்டதாகப் பெர்சிஸுக்கு இன்னும் வருத்தம்.

4

வகுப்பு முடிந்ததும் கஜபதி அவரைத் தனியாகக் கேட்டார்: "நான் சொன்னது தப்புன்னு பட்டுனு சொல்லலியே, பயமா?"

"ஆங், பயந்தான் சார். ஆனா நீங்க பாதி சரியாத்தானே சொன்னீங்க?"

"சொல்லி அனுப்பறோம்" என்றாராம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லையாம்.

முடிவு (அ): மறுநாளே வேலை. (ரொம்ப இனிப்பு.)

முடிவு (ஆ): வேறு யாரையோ எடுத்துவிடுகிறார்கள். பெர்சிஸ் தளராமல்... (தளராமல் என்ன? எழுதவே மனம் வரவில்லை.)

நடந்தது இதுதான். கதையை இதுவரை சொல்லி முடித்தபோது அவர் போன் அடித்தது. திரையைப் பார்த்தார். "ஸ்கூல்லேர்ந்து சார். இத்தக் கொஞ்சம் புடிங்க" என்று டீ கிளாஸை என்னிடம் நீட்டிவிட்டுத் தள்ளிப் போனார். முதுகுதான் தெரிந்தது. "சொல்லுங்க சார்" என்றார். ஒரு கை மட்டும் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

பேசி முடித்து அவர் இதோ திரும்புகிறார். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. கிளாஸைப் பிடியுங்கள், சூடு, ஜாக்கிரதை. முகத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.