முதல்ல யார் கதைக்கிறது

நாலாவது தடவையாக இன்னாசித்தம்பி சவப்பெட்டியின் தலைமாட்டை நோக்கி நகர்ந்தார். நாலாவது தடவையும் யாரோ ஒரு புண்ணியவான் அவர் தோளைப் பிடித்து, "இருங்கோ ஐயா, மனதைத் தளரவிடாதேங்கோ" என்று பழைய கதிரையிலேயே கொண்டுபோய் இருத்திவிட்டார்.

மனம் தளர்ந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு இப்போது வேண்டியது மனைவியோடு தனியாகப் பத்து நிமிஷம். முப்பத்தொரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனுசனுக்கு அது இன்றைக்குப் பார்த்துக் கிடைக்க மாட்டேன் என்கிறது. மணி இரண்டரை. நாலரைக்குப் பெட்டியை மூடி மாதம்பிட்டிச் சேமக்காலைக்கு அடக்கம் செய்யக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் பேசியாக வேண்டும். ஏனென்றால் மெற்றில்டா அவரோடு கோபித்துக்கொண்டு ஒன்பது நாள் பேசாமல் இருந்து, பத்தாம் நாள் காலையில் நெஞ்சு வலி என்று படுத்து, அப்படியே போய்விட்டாள்.

இதைப் போல மானக்கேடு வேறு இல்லை. மெற்றில்டா யார்? வெள்ளவத்தையில் பல்கலைக்கழகப் பெண் பிள்ளைகளுக்கென்று திருச்சபை நடத்திய கத்தோலிக்க விடுதியின் மேற்றன். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் கோட்டைக்குப் போய் ரயிலேறி வேலைக்குப் போவாள். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் எழும்புகிறது, எது தலையணையை நனைக்கிறது, எதற்குச் சோதனைப் பயத்தில் கை நடுங்குகிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பெடியன்கள் பிள்ளைகளைப் பார்க்க வரலாம். விருந்தினர் அறையில் அந்த இரண்டு பேருக்கும் இரண்டு கதிரை, மெற்றில்டாவுக்கு மூன்றாவது. விடுதிக்குப் பொறுப்பான பாதர் கில்பேட் போட்ட சட்டம் அது. மெற்றில்டா அவர்களுக்கு முதுகைக் காட்டி இருந்துகொண்டு கம்பளி நூல் பின்னுவாள். காது மட்டும் பின்னாது. அவள் தானாகப் போட்ட சட்டம் ஒன்றும் உண்டு. கோபத்தோடு ஒருவரும் அந்த அறை வாசலைத் தாண்டக்கூடாது. சண்டையென்றால் பேசித் தீர்க்கும்வரை, பார்வை நேரம் முடிந்ததென்று மணியடிக்க விடமாட்டாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில் மௌனம் சாதித்தாள். பிழை இன்னாசித்தம்பியின் வாயில்தான். பாதர் கில்பேட் சாப்பிட வந்த அன்று, "ஊருக்குத்தான் உபதேசம் பாதர். அன்பாயிருக்கிறது எப்பிடியெண்டு ஊர்ப் பிள்ளையளுக்கு வகுப்பு நடக்குது. வீட்டில ஒருத்தன் இருக்கிறான் எண்டது ரைம் ரேபிளில இல்லை" என்று விட்டார் ஒரு பகிடி. பாதர் சிரித்தார். மெற்றில்டாவும் சிரித்தாள். பாதரை வாசல் வரை வழியனுப்பிவிட்டு வந்தவள் வாயைப் பூட்டிவிட்டாள்.

'பூட்டினவளே திறக்கட்டும்' என்று இவரும் இருந்துவிட்டார். சுங்கக் கந்தோரில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்த பிடிவாதம்! பேச்சுவார்த்தையெல்லாம் சமையல்காரி மயிலம்மா வழியாக நடந்தது. மூன்று பேரும் ஒரே குசினியில் நிற்பார்கள்.

"மயிலம்மா, ஐயாட்டச் சொல்லு, கோப்பி ஆறுது."

"ஐயா, கோப்பி ஆறுதாங்க."

"கூப்பன் சீனி முடிஞ்சுதோ எண்டு அம்மாட்டக் கேள்."

"அம்மா, சீனி முடிஞ்சிருச்சாங்கன்னு ஐயா கேக்குறாங்க."

மயிலம்மா மலைநாட்டுத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் நடுவில் நின்று பழகியவளுக்கு இது பெரிய பாரமாகத் தெரியவில்லை.

இப்போது பெட்டியின் தலைமாட்டில் மெற்றில்டாவின் தங்கை நேசம் குடியேறியிருந்தாள். ஒவ்வொரு புது ஆள் வரும்போதும் புதிதாக ஒரு ஒப்பாரி.

"நேசம், போய் ஒரு வாய் தேத்தண்ணி குடியன்" என்றார் இன்னாசித்தம்பி மெதுவாக.

"பெட்டி வெளிக்கிடுமட்டும் என்ர தொண்டைக்குள்ள ஒண்டும் இறங்காது அத்தான்!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

பிறகு படமெடுக்கிறவன் வந்தான். பிரேதத்தோடு குடும்பப் படம் எடுக்காமல் கொட்டாஞ்சேனையில் யார் மண்ணுக்குள் போயிருக்கிறார்கள்? இன்னாசித்தம்பிக்கு ஒரு கணம் ஆசை பிறந்தது. தலைமாட்டில் நிறுத்துவான், குனிந்து இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். படக்காரனோ, "மாத்தயா, பொட்டக் எஹாட்ட" என்று சிங்களத்தில் கொஞ்சம் தள்ளிப்போகச் சொல்லிக் கையைக் காட்டிக் காட்டி அவரைக் கால்மாட்டுக்கே தள்ளிவிட்டான்.

வேறு வழியில்லாமல் குசினிப் பக்கம் போய் மயிலம்மாவைத் தேடிப் பிடித்தார்.

"மயிலம்மா, நேசம் எழும்பமாட்டன் எண்டுறாள். நீ பிரேதத்துக்குப் பூப் போடுற மாதிரிப் போய், அம்மாட்ட நான் சொன்னனெண்டு..."

மயிலம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அது மட்டும் என்னால முடியாதுங்க. இனி நீங்களேதான் சொல்லிக்கணும்."

அதைக் கேட்டதும் இன்னாசித்தம்பி அரிசிப் பெட்டிமேல் உட்கார்ந்து அன்று முதன்முறையாக அழுதார்.

அங்கேதான் ஐறீன் அவரைக் கண்டாள். விடுதிப் பிள்ளை, இரண்டாம் வருஷம். வாரம் தவறாமல் நாகேந்திரம் என்ற பெடியனோடு விருந்தினர் அறையில் சண்டை பிடித்து, வாரம் தவறாமல் சமாதானமாகிப் போகிறவள்.

"அங்கிள், அழாதேங்கோ. உங்களைப் பற்றி மேற்றன் எங்களுக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறா. நீங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் கோபத்தோட நித்திரைக்குப் போனதில்லை எண்டு..."

"ஒன்பது நாள் போனம், பிள்ளை" என்றார். அவருக்கே அது கேட்கவில்லை, திரும்பவும் சொன்னார். "ஒன்பது நாள் அவ என்னோட கதைக்கேல்லை. நானும் கதைக்கேல்லை."

ஐறீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அதுதானோ!"

"எது?"

"போன ஞாயிறு மேற்றன் எங்கட பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டவ. 'பிள்ளையள், ரெண்டு பேர் கோபிச்சுக்கொண்டு கனநாள் கதைக்காமல் இருந்தா, முதல்ல யார் கதைக்கிறது, எப்பிடித் துவங்கிறது?' எண்டு. எங்களைச் சோதிக்கத்தான் கேக்கிறா எண்டு நினைச்சம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நாகேந்திரம்தான் சொன்னவர். மன்னிப்பெல்லாம் பிறகு கேக்கலாம், முதல்ல சாப்பாட்டைப் பற்றிக் கதைச்சுத் துவங்கலாம் எண்டு. மேற்றன் சிரிச்சுப்போட்டு, 'ஓம், அது நல்லது' எண்டவ."

இன்னாசித்தம்பி அரிசிப் பெட்டியின் மூடியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் அவளும் வழி தேடியிருக்கிறாள். பூட்டினவள் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஐம்பத்தேழு வயதில், பெடி பெட்டைகளிடம் போய்ப் புத்தி கேட்டிருக்கிறாள். அவருக்கு அவளை நினைக்க அவ்வளவு பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆசையாக இருந்தது.

ஐறீன் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "வாங்கோ அங்கிள்" என்றவள், நேரே ஹோலுக்குள் போய் நேசத்தின் காதருகே குனிந்தாள்.

"அன்ரி, பாதர் வர முதல் முற்றத்தில ஒரு செபமாலை சொல்ல வேணும். உங்கட குரல்தான் ரோட்டு வரைக்கும் கேக்கும். வேற ஆரால ஏலும்?"

பெட்டி போகும்வரை அசையமாட்டேன் என்றிருந்த நேசம் கொண்டையை முடிந்துகொண்டு எழும்பினாள். அவளுக்குப் பின்னால் இருந்த கூட்டமும் எழும்பியது. பெண்கள், ஆண்கள், படக்காரன், எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள். கடைசியாக, ஐறீனோடு வந்திருந்த நாகேந்திரம் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் காவல் நின்றான். சைவக்காரப் பெடியன், செபமாலைக்கு அவனை யாரும் கூப்பிடப்போவதில்லை.

ஐறீன் ஒரு கதிரையைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். இன்னொன்றை மூலைக்குக் கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நான் பாக்கமாட்டன், அங்கிள். பத்து நிமிஷம்."

இன்னாசித்தம்பி உட்கார்ந்தார். மெற்றில்டாவின் வாய் கொஞ்சம் இறுகியிருந்தது, அந்த ஒன்பது நாளும் இருந்த மாதிரியே. அவர் தொண்டையைச் செருமினார். நெற்றியைத் துடைத்தார். வெளியே நேசத்தின் குரலில் 'அருள்நிறைந்த மரியே' ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அரைவாசி நேரம் இப்படியே கழிந்தது. மூலையிலிருந்தவள் திரும்பவில்லை.

"இண்டைக்கு வீட்டில அடுப்பு மூட்டேல்லை, மெற்றில்டா" என்றார் கடைசியில். "பக்கத்து வீட்டு பௌஸிதான் சோறு குடுத்தனுப்பினவர். பருப்பும் கத்தரிக்காயும். கத்தரிக்காய்க்கு உப்புக் கூட. நான் ஒண்டும் சொல்லேல்லை, பேசாமல் திண்டன்."

அவள் தோளில் விழுந்திருந்த பூவிதழ் ஒன்றை எடுத்துப்போட்டார்.

"நீ இருந்திருந்தா சொல்லியிருப்பன். என்ர வாய்தானே..."

அதற்குப் பிறகு வார்த்தைகள் தாமாக வந்தன. குரல் இறங்கி, பக்கத்தில் கிடப்பவளுக்கு மட்டும் கேட்கிற அளவில் நின்றது.

செபமாலை முடிந்து முற்றம் ஓய்ந்தபோது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. பாதர் கில்பேட் வந்துவிட்டார். பெட்டியை மூடிவிடப் பெட்டிக்காரனும் உடன் வந்திருந்தான்.

"என்ன தம்பி, கதவு ஏன் சாத்தியிருக்கு? நாலரையாகுது" என்றது பாதரின் குரல்.

"உள்ளுக்குக் கதைச்சுக்கொண்டிருக்கினம், பாதர்" என்றான் நாகேந்திரம். "இன்னும் முடியேல்லை."

"யாரோட யார்?"

நாகேந்திரம் சொன்னது உள்ளே கேட்கவில்லை. ஐறீன் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பாதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டிக்காரன், உள்ளங்கையில் ஆறு ஆணியோடு, அவனும் சேர்ந்து காத்திருந்தான்.