நடவாவி எங்கே?

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வெயிலில் நிற்பவர்களும் நிழலுக்கு வாருங்கள். முடிச்சூரில் ஒரு கிணறு மண்ணுக்குள் போகப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷத்துச் சித்திரை. ஏரியெல்லாம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. பழைய கிணறுகளை அளந்து, வரைந்து, படமெடுத்துப் பதிவு செய்வது ஜெயப்ரியாவின் வேலை. பிளாட் போட்ட நிலத்தில் படியிறங்கும் கிணறு ஒன்றை இன்றைக்கே தூர்க்கிறார்கள் என்று காலையில்தான் சேதி வந்தது. தூர்த்துவிட்டால் அப்படி ஒன்று இருந்ததற்கு ஒரு கோடுகூட மிஞ்சாது. ஸ்கூட்டியை விரட்டினாள். பார்த்த பக்கமெல்லாம் எல்லைக்கல், கிணறு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

தண்ணி லாரிக்குக் காத்திருந்த பெண்களிடம், வண்டிச் சத்தத்தோடு சத்தமாய்க் கத்தினாள்: "அக்கா, நடவாவி எங்க?"

முதலில் நின்ற முத்தாலம்மாள் குடத்தை நங்கென்று வைத்தாள். "யாரைப் பாத்துடி அடப்பாவின்ற? எறங்கு கீழ!"

"ஐயோ, திட்டலக்கா! நடந்து எறங்குற கெணறு, அதோட பேரு நடவாவி!"

"படிக்கேணின்னு கேக்க வேண்டிதானே? வந்ததும் வராததுமா பாவின்னுகினு!" வரிசையே சிரித்தது. "அது இன்னாத்துக்கு ஒனக்கு?"

"இன்னிக்கு மூடுறாங்கக்கா."

முத்தாலம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். "தண்ணி கீதா அதுல?"

"பாத்தாதான் தெரியும்."

அவ்வளவுதான், வழி காட்டக் குடத்தோடு பின்சீட்டில் ஏறிவிட்டாள்.

அங்கே இடிபாடு ஏற்றிய லாரி பின்பக்கமாய் நகர்ந்துகொண்டிருந்தது. ஜெயப்ரியா கையை ஆட்டிக்கொண்டே குறுக்கே ஓடிப் படியில் இறங்கினாள்.

"மேல வாங்கக்கா, பேஜார் பண்ணாதீங்க!" என்று டிரைவர் அயூப் கத்தினான்.

"அளந்துட்டு வந்துடறேண்ணா!"

டேப்பின் நுனி கல்லில் நிற்காமல் சுருண்டு சுருண்டு ஓடி வந்தது. முத்தாலம்மாள் நுனியைப் பிடித்துக்கொண்டு கீழே கீழே போனாள். அடியில், தூணின் நிழலில், பாசிக்குக் கீழே தண்ணீர். அள்ளி மோந்து பார்த்தாள்.

"குடிக்க ஆவாது. துணி அலசலாம், மாடு குளிப்பாட்டலாம்." வரிசையிலிருந்து பின்னாலேயே ஓடி வந்து மேலே நின்ற பெண்ணைப் பார்த்துக் கூவினாள்: "ஏ சரிதா! எல்லாரையும் குடத்தோட வரச்சொல்லு!"

கொஞ்ச நேரத்தில் படி முழுக்கப் பெண்கள். அயூப் இன்ஜினை அணைத்துவிட்டு முதலாளியிடம் செல்போனில் சொன்னான்: "கொட்ட முடியாது சார். ஊரே உள்ளதான் கீது."

நாளைக்கு என்ன ஆகுமோ, ஜெயப்ரியாவுக்குத் தெரியாது. ரோட்டில் ஹாரன் கேட்டபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள், குனிந்து வரைந்தாள். கடைசிக் கோடு வரைக்கும் வரைந்தாள்.

கேட்டவர்கள் நல்லா இருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் கோடையிலும் வற்றாமல், வந்தவர் தாகமும் தீர்த்து, பிள்ளைகுட்டிகளோடு வயிறு குளிர வாழுங்கள்.