மூன்று மணிக்குள் ஒரு சொட்டு

டோல்கேட்டில் ஆட்டோ நின்று முக்கால் மணி நேரம். முன்னால் கன்டெய்னர் லாரிகள், பின்னாலும் அவைதான். மடியிலிருந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ட்ரை ஐஸ் ஆவியாகி, சுண்டைக்காய் அளவில் இரண்டு துண்டுதான் மிச்சம்.

"நீயும் இந்த வழியாத்தான் வரணுமா?" என்று லூர்துமேல் பாய்ந்தேன். ஆட்டோ அவனுடையது; என் தெருக்காரன். பாவம், கூப்பிட்டதும் ராயபுரத்திலிருந்து ஓடிவந்தவன்.

"அப்டி இன்னா கீது அதுல, பிலோமி?"

சொன்னேன். மாத்தூர் ஆய்வகத்தில் தட்டுகளில் எலியின் நரம்பு செல்களை வளர்க்கிறேன். வளர்ச்சிக் காரணி என்ற புரதம் கிடைத்துக்கொண்டே இருந்தால்தான் செல்லுக்குள் வாழ்வதற்கான ஜீன்கள் வேலை செய்யும். அது நின்றால், செல் தன்னைக் கொல்லும் ஜீன்களைத் தானே முடுக்கிவிடும். சோதனைக்காக நேற்று மூன்று மணிக்கு நானே நிறுத்தினேன். இன்று மூன்றுக்குள் திரும்பக் கொடுத்து, அந்த ஜீன்கள் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் செல்கள் பிழைக்காது. பெட்டியில் இருப்பது அந்தப் புரதம்தான். அது காலையிலேயே ஆய்வகத்துக்கு வந்துவிடும் என்று நம்பியது என் முட்டாள்தனம்; மதியம் கூரியர் கிடங்குக்கே போய் வாங்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டிருக்கிறேன். இதுவும் போனால் வேறு தலைப்பு பார்த்துக்கொள் என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

"உருகினா?"

"வழியிலேயே உருகிக் கிடந்தா கெட்டுடும்."

லூர்து சட்டென்று லாரிகளின் இடுக்கில் நுழைந்து வண்டியைச் சந்துக்குள் திருப்பி, ஐஸ் உடைக்கும் கடை முன் நிறுத்தினான்.

"மீன் ஐஸ் பத்தாது லூர்து. இதுக்கு இன்னும் குளிர் வேணும். உனக்கு என்ன தெரியும்?"

"கல்லுப்பு போட்டா இன்னும் குளிரும்மே. மீன்புடி போட்டுல எத்தினி வருசம் ஐஸோட மாரடிச்சவன் நானு."

வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். எனக்கு அது தோன்றவேயில்லை. வெட்கமாக இருந்தது.

ஐஸையும் கல்லுப்பையும் பெட்டியில் கொட்டிக்கொண்டு, சந்து சந்தாகப் புகுந்து போனோம். மணியை நான் பார்ப்பதும், "பாக்காதம்மே" என்று அவன் அதட்டுவதுமாக. ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தபோது மீன் வாடை; புட்டி மட்டும் கல்லாக உறைந்தே இருந்தது. உருக்கி, முதல் சொட்டை விட்டபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

இரவெல்லாம் புரண்டேன். விடிந்ததும் லூர்துவே கொண்டுவந்து விட்டுவிட்டு, போகாமல் கேட்டருகே நின்றான். நுண்ணோக்கியில் குனிந்தேன். நேற்று மணி மணியாகத் திரண்டு அறுந்துகொண்டிருந்த நரம்பு இழைகளில், புது நுனிகள் நீண்டிருந்தன.

கேட்டுக்கு ஓடினேன். அழுகை முட்டியது. லூர்துவின் முகம் வெளுத்தது.

"செத்துப்பூடுச்சா?"

"இல்ல லூர்து. உசுரோட கீது."

இந்த வளாகத்துக்குள் ஐந்து வருடமாக நான் அடக்கிவைத்திருந்த எங்கள் தெருப் பேச்சு, காவலாளி காதுபடவே வெளியே வந்தது.