தவளை லாரியும் அக்காவின் சவாரியும்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு சிறப்பு மலர். பழைய வண்டிப் பிரியர்கள் சங்கத்தார் என்னிடம் 'தவளை'யின் வரலாறு கேட்டார்கள். முட்டைக்கண் விளக்கு வைத்த ஒரு சின்ன லாரிக்கு ஓட்டுகிறவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. இப்படித் தொடங்கினேன்:

"முதல் மாடலில் மூன்று பேருக்கும் ஒரே நீள சீட்டு. அடுத்த மாடலில் ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த கியர் தரைக்கு இறங்கியது; நடுவில் உட்கார்ந்தவருக்கு இடம் போயிற்று. அதற்கும் அடுத்ததில் ஆளுக்கொரு தனி சீட்டு. இவ்வாறாக வாகன வளர்ச்சி..."

முடிக்க விடவில்லை அக்கா. அவளும் மாமாவும் முதல் மாடலை இன்னும் ஓட்டுகிறார்கள். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது தொழில்.

"வளர்ச்சியாம்! எழுது, நான் சொல்றேன்."

2

(அக்கா என்கிற இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். தன் பக்கத்தைச் சற்றுத் தூக்கியேதான் சொல்வாள்.)

மாமா அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தவளையை விற்கப் பேசி முடித்துவிட்டார். வாங்குகிறவர் அதைத் துடைத்து வேடிக்கை பார்க்கிற ஆள். அக்கா கத்தவில்லை. துணிமணியைப் பெட்டி கட்டி, தையல் மிஷினோடு வாசலில் வைத்தாள்.

"சவாரி இருக்கு. என் தங்கச்சி வீடு வரைக்கும். வர்றீங்களா, வேற வண்டி பாக்கட்டுமா?"

"ஏறு," என்றார் மாமா. "வேற வண்டிக்காரன் மிஷினை உடைச்சிடுவான்."

3

"வானம் கறுத்திருந்தது, அவள் மனத்தைப் போலவே—"

(இந்த வரியை அக்கா அடிக்கச் சொல்லிவிட்டாள். நல்ல வெயிலாம்.)

நல்ல வெயிலில், மேடு ஏறும்போது வண்டி கொதித்து நின்றது. வழக்கமாக அக்காதான் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பாள். அன்று சீட்டின் ஓரத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"நான் சவாரிக்கு வந்த கிராக்கி. கிராக்கி கல் தூக்குமா?"

மாமா கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். கல்லுக்குக் குனிந்த நேரத்தில் தவளை பின்னால் நகர ஆரம்பித்தது. கீழே ஒரு பள்ளிக்கூட வேன் ஏறி வந்துகொண்டிருந்தது. அக்கா நீள சீட்டில் ஒரே வழுக்காக வழுக்கி மறுகோடிக்குப் போய், இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். நின்றது.

(தனி சீட்டாக இருந்திருந்தால் கியரில் சேலை மாட்டியிருக்கும். வாகன வளர்ச்சி பற்றி எனக்கு இப்போது கருத்து எதுவும் இல்லை.)

"கல்லை வைங்க! மலைச்சுப்போய் நிக்காதீங்க!"

வைத்தார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்து, கிராக்கியின் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"முதுகு தாங்கலை. அதான் விக்கலாம்னு."

"முதுகு வலின்னு சொன்னா நான் என்ன, அடிக்கவா போறேன்?"

"சொன்னா நீ ஓட்ட விடமாட்டே."

அக்கா வண்டியைக் கிளப்பினாள்.

4

நான் எழுதிய முதல் முடிவு: அவள் வண்டியை வீட்டுக்குத் திருப்பினாள். "சினிமா," என்றாள் அக்கா.

இரண்டாவது: எங்கள் தங்கை வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டு, அவரைத் தனியே அனுப்பினாள். "படிச்சா அவர் அழுதுடுவாரு. வேண்டாம்."

"அப்ப நிஜமா என்னதான் நடந்தது?"

மாமாவின் போன் அடித்ததாம். வண்டியை வாங்குகிறவர். மாமா எடுக்காமல் அக்காவிடம் நீட்டினார். அவள் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அதற்குமேல் கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் ஒன்றும் கிடைப்பதில்லை.

ஆகவே வாசகரே, போனை நீங்களே எடுங்கள். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள். வண்டி மேடு ஏறிக்கொண்டிருக்கிறது.