பாத்திக்கு ஒரு சொல்

எங்கள் கரும்புக் கொல்லையில் ஒரு பாத்தி நிரம்புவதற்குள் ஓர் இங்கிலீஷ் சொல்லை மனப்பாடம் செய்துவிடுவேன். மோட்டார் கொட்டகைச் சுவரில் அர்த்தத்தோடு கரியால் எழுதிவிட்டு மடை மாற்றப் போவேன். திரும்பி வருவதற்குள் பார்க்காமல் சொல்ல வேண்டும். கரண்டு நின்றால் படிப்பும் நின்றது. மூன்று வருஷத்தில் இரண்டாயிரம் சொற்கள். வாத்தியார்களுக்கே தெரியாத சொற்கள் என்று தலைக்கனம் வேறு. பேங்க் பரீட்சையிலும் தேறிவிட்டேன். போலீஸ் விசாரணை முடிந்தால் ஆர்டர் வந்துவிடும்.

அது எண்பத்தேழு. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று ஊரே கொதித்துக் கிடந்தது. எங்கள் ஊரில் முன்னால் நின்றவர் என் பெரியப்பா சின்னராசு. மறியல் செய்வோம் என்று கலெக்டருக்கு இங்கிலீஷில் கடிதம் போக வேண்டும் என்றார்.

“சேகரு, சாதாரணமா எழுதாத. படிக்கிற ஆபீசரு டிக்ஷனரிய தேடிக்கினு ஓடணும்.”

சுவரில் இருந்ததையெல்லாம் அதில் கொட்டினேன். வாசித்து, தமிழிலும் சொன்னேன். கை தட்டினார்கள். பதினோரு பேர் கைநாட்டு வைத்தார்கள். அன்று எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வெள்ளிமலை பஸ் போகிற ரோட்டை மறிக்கப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்த மறுநாள், போலீஸ் எல்லோரையும் அள்ளிப்போனது. இன்ஸ்பெக்டர் மேஜையில் அந்தக் கடிதம் கிடந்தது.

“யார்யா இத எழுதினது?”

பெரியப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “எங்களுக்கு இங்கிலீசு தெரியாதுங்க. கரண்டு கேட்டு மனுன்னு சொல்லி இவன்தான் கைநாட்டு வாங்கினான். உள்ள இன்னா எழுதினானோ!”

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். தூண்டிவிட்டவன் என்று கேஸ் என்மேல் மட்டும் விழுந்தது. மரத்தை வெட்டிய கோடாலி பெரியப்பாவுடையது. பேங்க் ஆர்டர் வரவே இல்லை.

இரண்டு வருஷத்தில் ஒதுக்கீடு வந்தது. அதில் பெரியப்பா மகன் சுபாஷுக்கு சர்க்கார் வேலை கிடைத்தது. ஆர்டரோடு பெரியப்பா நேராக என் கொல்லைக்கே வந்தார்.

“இங்கிலீசுல இருக்குதுடா. என்னிக்கி சேரணும், இன்னா எடுத்துக்கினு போவணும், ஒண்ணும் புரியல. சுபாஷும் முழிக்கிறான். உன்ன வுட்டா ஊர்ல வேற யாரு இருக்கா?”

மண்வெட்டியைப் பிடித்தபடி தாளைப் பார்த்தேன். அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

“எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க” என்றேன்.

நீட்டிய கையை மடக்காமல் நின்றார். பாத்தி நிரம்பிவிட்டது, நான் மடை மாற்றப் போனேன்.